மாரடைப்பு என்னும் ஒரு சொல்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, வட்டத்தின் பொறுப்பாளர்களே, கவிஞர் பெருமக்களே, பத்தாண்டுகளாக மாதந்தோறும் இந்த அவையை நிறைத்துவரும் அன்பு நெஞ்சங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அன்பு நெஞ்சங்களே என்று அழைத்தேன். மேடை ஏறுகின்ற எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறோம். இன்று நான் பேச வந்திருப்பதும் நெஞ்சைப் பற்றித்தான். ஆனால் காதலும் கருணையும் குடியிருக்கும் நெஞ்சைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதி உடையோர் பலர் இருக்கிறார்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். விலா எலும்புகளுக்குப் பின்னால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகின்ற, கைப்பிடி அளவுள்ள தசையைப் பற்றிப் பேசுவேன். அந்தத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றியும், அதனை எலியின் இதய உயிரணுவில் வைத்துச் சோதித்த ஓர் ஆய்வைப் பற்றியும் பேசுவேன். முடிவில் உங்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு.

தலைப்பைச் சொன்னபோது நம் செயலாளர் சிரித்தார். “ஏனுங்க ஐயா, இலக்கிய வட்டத்தில புரதமுங்களா?” என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். இது புரதத்தைப் பற்றிய உரைபோலத் தோன்றினாலும், உண்மையில் ஒரு சொல்லைப் பற்றிய உரை. சொல் உங்கள் பொருள். ஆகவே உங்கள் முன் வைக்கிறேன்.

என் தாய்மாமன் 1986ஆம் ஆண்டில், தம் 42ஆம் வயதில், தறிக்கூடத்து வாசலில் சாய்ந்து விழுந்து இறந்தார். ஒல்லியான தேகம். புகைபிடிக்கும் பழக்கம் இல்லை; சர்க்கரை நோயும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு எல்லாம் ஒரே விடைதான் சொன்னோம்: “மாரடைப்புங்க.” அவருடைய தந்தையாரும் நாற்பதை எட்டும் முன்னரே கிணற்றடியில் விழுந்து இறந்தவர் என்று அம்மா சொல்லுவார். அதற்கும் அதே சொல்தான். பின்னர் 2012ஆம் ஆண்டில், மாமன் மகன் ஒரு திருமண வீட்டில் படியேறும்போது மயங்கி விழுந்தார். அவருக்கு அது இரண்டாவது மயக்கம். கோவையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். “குடும்பத்தில் யாருக்கேனும் இதய நோய் உண்டா?” என்று கேட்டார். “அப்பாவுக்கு மாரடைப்பு” என்றார் என் மைத்துனர். மருத்துவரும் இரத்தக் குழாய் அடைப்பைத் தேடும் சோதனைகளைத்தான் எழுதத் தொடங்கினார். என்ன தோன்றியதோ, நான் இடைமறித்து, மாமனும் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் இப்படித்தான் மயங்கி விழுந்தார் என்பதையும், பாட்டனார் சிறுவயதிலேயே போனதையும் சொன்னேன். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, முதலில் எக்கோ எடுக்கச் சொன்னார். இதயச் சுவரின் தடிமன் 15 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. அடைப்பு எதுவும் இல்லை. தசையே தடித்திருந்தது.

மாரடைப்பு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மார்பில் ஏற்படும் அடைப்பு. இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபட்டுத் தசை மடிகின்ற நோய்க்கு இது மிகப் பொருத்தமான சொல். ஆயினும் நாம் அதனை அந்த ஒரு நோய்க்கு மட்டுமா சொல்கிறோம்? திடீரென்று நின்றுபோன இதயம் எதுவாயினும் அதற்கு இந்த ஒரே போர்வையைப் போர்த்திவிடுகிறோம். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையை அந்தப் போர்வை மூடியிருந்தது. மூன்றாவது தலைமுறையையும் மூடவிருந்தது.

போர்வைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நம்மில் பலரும் அவிநாசித் தேரோட்டம் கண்டவர்கள். ஆயிரம் கைகள் வடத்தைப் பற்றி இழுப்பதைப் பார்த்திருப்போம். இதயத் தசையின் ஓர் உயிரணுவுக்குள்ளும் வடங்கள் உண்டு. அவற்றில் மெல்லிய வடத்தின் பெயர் ஆக்டின். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டில், அங்கேரி நாட்டின் செகெட் நகரில், சென்ட்-கியோர்கியின் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஸ்ட்ராப் என்பவர் இதனைப் பிரித்தெடுத்தார். தடித்த இழையின் பெயர் மயோசின். மயோசினின் உடலிலிருந்து எண்ணற்ற கைகள் நீண்டு ஆக்டின் வடத்தைப் பற்றுகின்றன, இழுக்கின்றன, விடுகின்றன, மீண்டும் பற்றுகின்றன. இழைகள் குறுகுவதில்லை, ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன. அதனால்தான் தசை சுருங்குகிறது. இந்த உண்மையை 1954ஆம் ஆண்டில் ஹக்ஸ்லி என்ற பெயருடைய இருவர், தனித்தனிக் குழுக்களாக நின்று, உலகுக்கு அறிவித்தார்கள். இழைகள் இவ்வாறு கோத்திருக்கும் ஒரு கூறின் நீளம், மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு.

தேருக்கு வடம் மட்டும் போதுமா? சக்கரத்தடியில் சன்னக்கட்டையோடு ஓடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் தேரை இழுப்பதில்லை. ஆனால் தேர் எங்கே வேகம் குறைய வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. சன்னம் போடுகிறவர் தவறினால் தேர் நிலை சேராது.

இதயத் தசையிலும் அப்படி ஒரு சன்னக்கட்டை உண்டு. 1973ஆம் ஆண்டில் ஆஃபர், மூஸ், ஸ்டார் ஆகிய மூவர் இவ்வகைப் புரதத்தைத் தனியே பிரித்து ஆராய்ந்து ‘சி புரதம்’ என்றார்கள். பதினொரு மணிகள் கோத்த சரம்போன்றது அது. ஒரு முனை மயோசினோடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. மறுமுனை எட்டிப்போய் ஆக்டினைத் தொடுகிறது. மயோசினைப் பற்றும் புரதம் என்பதே அதன் அலுவலகப் பெயர். ஆனால் ஆக்டினையும் பற்றுகின்ற அந்த மறுகையால்தான் இருபுறத்தையும் அடக்கி ஆள்கிறது. கைகள் எப்போது வடத்தைப் பற்றலாம், எவ்வளவு விரைவில் விடலாம் என்பதை அது கவனித்துக்கொள்கிறது. அச்சமோ உவகையோ மேலிட்டு உடலில் அட்ரினலின் சுரக்கும்போது இந்தப் புரதத்தின் மீது பாஸ்பேட் ஏறுகிறது. கட்டை சற்றே தளர்கிறது. இதயம் விரைந்து, வலுத்துத் துடிக்கிறது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். அச்சமும் உவகையும் அவற்றுள் அடங்கும். அவை மெய்யில் வெளிப்படும் வழிகளுள் ஒன்று இங்கே, இந்தச் சிறு கட்டையின் தளர்ச்சியில் இருக்கிறது. என் குறிப்பேட்டில் இதற்குச் ‘சன்னப் புரதம்’ என்று பெயர் எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல பெயர் உங்களில் ஒருவருக்குக் கிடைத்தால் மகிழ்வேன்.

இப்புரதத்தை எழுதும் மரபணு நமது பதினோராம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஏற்படும் பிழைகள் இதயத் தசையைத் தடிக்கச் செய்யும் என்பது 1995ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அதன்பின் நம் மண்ணுக்கு வருகிறது கதை.

2003ஆம் ஆண்டில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து, தடித்த இதயம் உடைய சில இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். இரண்டு குடும்பங்களில், இந்த மரபணுவின் கடைப்பகுதிக்கு அருகே 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். விடுபட்ட இடத்தில் பொருள் தரும் சொல் எதுவும் இல்லை. இரு சொற்களுக்கு இடைப்பட்ட வெற்றிடம் போன்றது அது. ஆயினும் அந்த இடைவெளி கெட்டதால், அடுத்த பகுதியையே தாண்டிப் படித்துவிடுகிறது உயிரணு. புரதத்தின் கடைசி மணி உருமாறிவிடுகிறது. மயோசினோடு கட்டிக்கொள்ள வேண்டிய மணி அதுவே. அச்சுக் கோப்பவர் ஓர் இடைவெளியைத் தவறவிட்டதால் பாட்டின் ஈற்றடி கெட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குடும்பத்தில் கண்டது எத்தனை பேரிடம் இருக்கிறது? இக்கேள்விக்கு 2009ஆம் ஆண்டில் விடை வந்தது. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் தலைமையில் பலநாட்டு அறிஞர்கள் கூடி வெளியிட்ட அக்கட்டுரையின் முதற்பெயர், பெருந்துறை எஸ். தண்டபாணி. ஆங்கிலக் கட்டுரையின் தலைமாட்டில் ‘பெருந்துறை’ என்ற சொல்லைக் கண்டபோது நான் நாற்காலியை நெருக்கி இழுத்துக்கொண்டு படித்தேன். இரண்டாவது பெயர், சக்திவேல் சடையப்பன். 2003ஆம் ஆண்டின் கட்டுரையிலும் பங்கு கொண்டவர் அவர்.

அவர்கள் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட மக்கட்குழுக்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தார்கள். இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு நால்வர் அளவில் இந்த விடுபாட்டைச் சுமக்கிறார்கள் என்று கண்டார்கள். நோயாளரையும் நலமானவரையும் ஒப்பிட்டபோது, சுமப்பவர்க்கு இதயத் தசை நோய் வரும் ஆபத்து ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கணக்கு வந்தது. சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய பிழை இது என்று மதிப்பிட்டார்கள். இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது? பிள்ளைகளைப் பெற்று முடித்த பின்னரே பெரும்பாலும் தன் முகத்தைக் காட்டுகிறது. அதற்குள் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது என்று விளக்கம் தந்தார்கள்.

நூற்றுக்கு நால்வர்! இந்த மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கிறோம் என்றால் எட்டுப் பேர். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். கதை இன்னும் முடியவில்லை.

விடுபட்ட எழுத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று எண்ணிக்கை சொல்லும். எப்படி என்று அது சொல்லாது. அதற்கு உயிருள்ள இதயத் தசை வேண்டும். மனிதரிடம் கேட்க முடியாத ஒன்றை இங்கே எலியிடம் கேட்டார்கள். பிள்ளையாரைச் சுமக்கின்ற சிறு உயிர், நம் அறியாமையையும் சேர்த்துச் சுமக்கிறது.

2015ஆம் ஆண்டில் சடையப்பன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. வளர்ந்த எலியின் இதயத்துக்குள் நொதிக் கரைசலைச் செலுத்தினால், உயிரணுக்களைப் பிணைத்திருக்கும் பசை கரைந்து அவை தனித்தனியே பிரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் வரிவரியான செங்கல் போலத் தோன்றும். தூண்டினால் சுருங்கும். நோய் தரும் ஆற்றல் நீக்கப்பட்ட ஒரு வைரசின் முதுகில் மரபணுவை ஏற்றி இந்த உயிரணுக்களுக்குள் அனுப்பினார்கள். ஒரு தொகுதிக்குச் சரியான புரதத்தின் மரபணு. மற்றொரு தொகுதிக்குக் கடைசி மணி மாறிய புரதத்தின் மரபணு. 48 மணி நேரம் காத்திருந்தார்கள். இரண்டு புரதமும் ஏறத்தாழ ஒத்த அளவில் உருவாயின என்பதையும் உறுதி செய்துகொண்டார்கள். பின்னர் ஒளிரும் சாயம் இட்டுப் பார்த்தார்கள்.

சரியான புரதம் தன் வரிசையைக் கண்டுபிடித்து அமர்ந்துவிட்டது. மாறிய புரதம் அந்த வரிகளில் அநேகமாக அமரவே இல்லை. உயிரணுவுக்குள்ளேயே இருந்தும் தனக்குரிய இடத்தில் இல்லை. அந்த உயிரணுக்கள் சுருங்கும் அளவும் குறைந்திருந்தது. சன்னக்கட்டை கையில் இருக்கிறது. சக்கரத்தடியில் வைக்க முடியவில்லை என்பதுதான் எலியின் உயிரணு சொன்ன செய்தி.

இந்த இடத்தில் உரையை முடித்திருந்தால் உங்களுக்கு ஓர் அழகான கதை கிடைத்திருக்கும். உண்மை முழுதும் கிடைத்திராது.

எலியின் உயிரணு மனிதர் அன்று. இரண்டு நாள் என்பது ஒரு வாழ்நாளும் அன்று. நூற்றுக்கு நால்வர் சுமக்கிறார்கள் என்றால், நூற்றுக்கு நால்வர் நோயாளராக அல்லவா இருக்க வேண்டும்? அப்படி இல்லை. சுமப்பவரில் மிகப் பலர் முதுமை வரை நலமாகவே வாழ்கிறார்கள். ஏன்? 2018ஆம் ஆண்டில், இந்த விடுபாட்டைச் சுமப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இன்னொரு திரிபும் இருப்பதைச் சடையப்பன் குழுவினரே கண்டார்கள். அவர்களுடைய இதயம்தான் அளவு மீறிய வேகத்தோடு இயங்கியது. 2020ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி சென்றார்கள். விடுபாட்டோடு சேர்ந்து மற்றொரு தீய திரிபையும் ஒரே இழையில் சுமக்கும் ஒரு சிறு கூட்டத்தாரே நோயாளர் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டினார்கள் என்றும், 25 எழுத்து விடுபாடு தனித்து நிற்கும்போது அவ்வளவு ஆபத்து இல்லை என்றும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

அறிஞர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். முதலில் கண்ணில் பட்டது ஊர்; பிறகு தெரு; இப்போது வீட்டை நெருங்கியிருக்கிறார்கள். ஆனால் இதற்குள் ‘தெற்காசியரின் மரபணுக் குறை’ என்றொரு பெயரை ஒரு பெருங்கூட்டத்தின் மீதே ஒட்டிவிடும் பேச்சு உலகெங்கும் பரவியிருந்தது. பத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பத்துப் பேருக்கும் சேர்த்துச் சொன்ன பேச்சு அது. நாம் மாரடைப்பு என்று சொல்லி எல்லாச் சாவையும் மூடினோம். உலகம் நூற்றுக்கு நால்வர் என்று சொல்லி எல்லாரையும் அச்சுறுத்தியது. இரண்டும் ஒரே பிழை. சொல், பொருளைவிடப் பெரிதாக இருந்துவிட்டது.

கவிஞர்களே, உங்களுக்கு இது புதிதா? பொருளுக்குச் சற்றுப் பெரிய சொல் வந்து விழுந்தால் ஒரு கவிதை எப்படித் தளர்ந்து போகிறது என்பதை இந்த வட்டத்தின் கூட்டங்களில் எத்தனை முறை விவாதித்திருக்கிறோம்! ‘மரம்’ என்று எழுதி வந்தவரிடம் “எந்த மரம்? வேம்பா, ஊஞ்சையா, வெள்வேலா?” என்று கேட்டுத் திருத்தியிருக்கிறோம். அந்தக் கேள்வியை வீட்டுத் திண்ணைக்கும் கொண்டு செல்லுங்கள் என்பதே என் விண்ணப்பம். “மாரடைப்பில் போனார்” என்று யாரேனும் சொன்னால், “எந்த வயதில்? அதற்கு முன் மயக்கம் உண்டா? படி ஏறினால் மூச்சு வாங்குமா? அவர் தந்தைக்கும் அப்படியா?” என்று பரிவோடு கேட்டு வையுங்கள். இளம் வயதில் திடீரென இறந்தவர் இருக்கும் குடும்பத்தில், அதனை மருத்துவரிடம் விளங்கச் சொல்லுங்கள். இதயத் தசை தடித்தவர் ஒருவர் கண்டறியப்பட்டால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்ப்பது மருத்துவ உலகின் வழக்கம். இந்நோய் பெற்றோர் ஒருவரிடமிருந்தே வரக்கூடியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், இருபுறமும் ஒரே பிழை வந்து சேரும் வாய்ப்பையும் மறக்கலாகாது.

நம் கொங்கு மண்ணில் இதற்கு ஒரு மரபு உண்டு. மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன் கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர். அவர்தாம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராகவும் இருந்தார். அறிவியலைத் தமிழில் சொல்லும் பணிக்கு ஒரு கவிஞரின் காது தேவைப்பட்டது. இன்றும் தேவைப்படுகிறது. ‘இதயத் தசைத் தடிப்பு’ என்று மூன்று சொற்களில் நான் சொல்வதை, பாட்டியும் சொல்லக்கூடிய ஒரே சொல்லாக யாராவது வடித்துத் தர மாட்டீர்களா? பெயர் இல்லாத நோய் அடுத்த வீட்டுப் பெயரைக் கடன் வாங்கிக்கொள்கிறது. அதனால் வருகின்ற இழப்பை எங்கள் குடும்பம் அறியும்.

என் மைத்துனர் இன்று நலமாக இருக்கிறார். மாத்திரை உண்கிறார், ஓடுவதில்லை, நடக்கிறார். அவர் குடும்பத்தில் இருப்பது இந்த 25 எழுத்து விடுபாடா, வேறு திரிபா என்று சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் எக்கோ பார்த்தாயிற்று. பெரியவனுக்குச் சுவர் சற்றுத் தடிப்பாக இருப்பதால் ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம். பாட்டனார் இறந்த வயதை மைத்துனர் தாண்டியபோது வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை அத்தை மட்டும் கோயிலுக்குப் போய் வந்தார். மாமனின் படத்துக்குக் கீழே இப்போது ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் அவர் இறந்த வயதும், அதற்கு முன் மயங்கி விழுந்ததும், அவர் தந்தையார் இறந்த வயதும் என் கையெழுத்தில் இருக்கின்றன. மாரடைப்பு என்ற சொல் அதில் இல்லை.